தலையில் மாட்டும் விளக்கு: அடுத்ததைத் தேர்ந்தெடுக்க உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வேறெதையோ வாங்கப் போன இடத்தில், எந்தத் தேவையும் இல்லாமல், நெற்றியில் பட்டையால் கட்டிக்கொள்ளும் சிறு எல்இடி விளக்கு ஒன்றை வாங்கி வந்தேன். மலையேறுபவர்களுக்கு உரிய பொருள் நமக்கு எதற்கு என்று வீட்டில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஆனால், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கசியும் குழாயை இறுக்கும்போதும், மின்வெட்டின்போது ஃபியூஸைப் பார்க்கும்போதும், நள்ளிரவில் அப்பாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும்போதும், இரண்டு கைகளையும் வேலைக்கு விட்டுவிட்டுப் பார்க்கும் திசையிலேயே வெளிச்சம் தருகிற இந்த விளக்கைவிடப் பயனுள்ள பொருள் எங்கள் வீட்டில் குறைவு. அதிலும் அதன் மங்கிய சிவப்பு ஒளி எனக்கு மிகவும் பிடித்தது. இருளுக்குப் பழகிய கண்ணை அது கூசச் செய்வதில்லை.

சென்ற மாதம், உள்ளேயே விட்டிருந்த அல்கலைன் பேட்டரிகள் கசிந்து உலோகத் தகடுகள் அரித்துப் போயின. புதியது வாங்க வேண்டும். 1.5 வோல்ட் அல்கலைனுக்குப் பதிலாக மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தக்கூடிய 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளைப் போட்டால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி குறையுமா, அல்லது யுஎஸ்பி வழியே மின்னேற்றும் லித்தியம் அயனி வகையே மேலா என்பதைப் பயன்படுத்தியவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பல மாதங்கள் இழுப்பறையில் கிடந்தாலும் எடுத்தவுடன் எரிய வேண்டும் என்பதே என் முதல் தேவை. தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரம் வீட்டு வேலைக்குப் போதுமா என்பதையும் தெரிவியுங்கள். இவ்வாறு யோசிக்காமல் வாங்கி, பின்பு கைவிட முடியாமல் போன பொருள் உங்களிடம் இருந்தால் அதைப் பற்றியும் எழுதுங்கள்.