கரிம வேதியியலுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி:
பி.எஸ்சி. முதல் வருடம், தமிழ் வழியில் படித்து வந்தவள். மாரிசன்-பாய்டா, கிளேடனா? வினைகளை மனப்பாடம் பண்ணியே களைத்துவிட்டேன்.

பதில்:
கிளேடனையே வாங்கும்மா, 2012-இல் வந்த இரண்டாம் பதிப்பு. மாரிசன்-பாய்ட் ஆல்கேன், ஆல்கீன், ஆல்கஹால் என்று வகைவகையாகப் போகும்; மனப்பாடக்காரர்களுக்கு அதுவே வலை. கிளேடன் எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று கேட்டுத்தான் நடத்தும். 6-ஆம் அத்தியாயத்திலேயே கார்பனைல், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் தொகுதி, வந்துவிடும். அசிட்டோனோடு சயனைடு சேருவதைப் பார், எலக்ட்ரான் நகர்வை வளைந்த அம்பால் காட்டுவார்கள்: முதல் அம்பு சயனைடு கார்பனின் எலக்ட்ரான் இணையில் தொடங்கி கார்பனைல் கார்பனில் முடியும், இரண்டாவது, இரட்டைப் பிணைப்பிலிருந்து ஆக்சிஜனுக்கு. இந்த ரெண்டு அம்பும் கைக்கு வந்துவிட்டால் கிரிக்னார்டு வினையும் (கரிம மெக்னீசியம் சேர்மம் கார்பனைலோடு சேருவது) தானாகப் புரியும். வகுப்பில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொருவர்:
கிளேடன் ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல், சார். முதல் வருடத்துக்கு மலைப்பாக இருக்கும். மக்மரியின் 10-ஆம் பதிப்பு ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இலவசம். ஆங்கிலமும் எளிமை.

கேட்டவர்:
காசு பிரச்சினைதான், அப்போ மக்மரியில் தொடங்குகிறேன்.

பதில்:
தாராளமாக. கிளேடனை நூலகத்தில் எடுத்து அந்த 6-ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவிடும்மா. எதைப் படித்தாலும் பக்கத்தை மூடிவிட்டு அம்புகளை நீயே போட்டுப் பார்.