குணசாலியான ஸ்திரீ பிரசங்கம் போதும், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நாஞ்சில்காரி:

பெண்கள் ஞாயிறு வந்தால் எங்கள் சபையில் வேதாகமத்தின் நீதிமொழிகள் 31, குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய அதிகாரம்தான். அவளுடைய விலை முத்துக்களைப் பார்க்கிலும் உயர்ந்தது என்று வாசிப்பார்கள், ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுப்பார்கள், ஆராதனை முடிந்ததும் அதே பெண்கள் பந்தி பரிமாறிப் பாத்திரம் கழுவுவார்கள். அந்த அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தில் அவள் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள். அதை வைத்து யாரும் பிரசங்கித்து நான் கேட்டதே இல்லை. பெண்ணும் தேவசாயல்தான் என்பதை யாராவது உங்களிடம் வாயால் இல்லாமல் செய்கையில் காட்டியிருந்தால், அல்லது மறுத்திருந்தால், இந்தத் திரியில் எழுதுங்கள். முதலில் நான்.

அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். நினைவு ஜெபம் முடிந்து வந்தவர்கள் கிளம்பியதும் அண்ணன், என் பங்கை நான் விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு ரெடியாக இருந்தது. "உனக்குத்தான் கல்யாணத்திலேயே செய்தாச்சே" என்றார். மைனி, கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்பது விசுவாசிக்கு அழகா என்றாள். நான் பேனாவை எடுக்கப் போனேன் என்பதுதான் உண்மை. அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, அதுவரை வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவர், "கொஞ்சம் பொறு மக்கா" என்று வேதாகமத்தை எடுத்து எண்ணாகமம் 27-ஐச் சத்தமாக வாசித்தார். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் ஆசரிப்புக் கூடார வாசலில் மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் நின்று, எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லாததால் அவர் பேர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்குக் காணி கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் சொல்வது சரிதான் என்று கர்த்தர் சொல்கிறார். (36-ஆம் அதிகாரத்தில் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே கல்யாணம் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை வருகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் நிலம் அவர்கள் கையில்தான்.) அண்ணன், "அங்கே மகன் இல்லை, இங்கே நான் இருக்கேனே" என்றார். மாமி அசரவில்லை. "கேட்டது தப்புன்னு கர்த்தர் சொன்னாராடே?"

மாமி பேசியதற்கு ஒரு பின்கதை உண்டு. எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தபோது 1916-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. 1956 நவம்பரில் கன்னியாகுமரி தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்த பிறகும் வீட்டுக்குள் அந்தக் கணக்குத்தான் ஓடியது. மாமிக்கு ஒரு சென்ட் கூட வரவில்லை. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986-இல் தீர்ப்பு வாங்கினார். 1951 ஏப்ரலிலிருந்தே பழைய சட்டம் செல்லாது, 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும், மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று ஆனது. கேரளத்தில் எத்தனையோ விசுவாசக் குடும்பங்கள் அதற்குக் கோபப்பட்டன. நான் அன்று கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பாகம் பிரித்தோம், இப்போது கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வருகிறது.

பாளை வாசி:

அக்கா, உங்கள் மாமிக்கு ஒரு கும்பிடு. எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் கீழ் உள்ள சபைகள்) கமிட்டித் தேர்தலுக்குப் பெண்கள் நிற்கலாமா என்று பேச்சு வந்தபோது ஒரு பெரியவர், சபையைக் கட்டுவது ஆண்கள் வேலை என்று எழுந்து சொன்னார். பின் வரிசையிலிருந்து ஒரு டீச்சர், "அப்போ பாப்பாத்தி அம்மா கோவில் பக்கமே நீங்க போகக் கூடாது ஐயா" என்றாரே பார்க்கலாம், மொத்தக் கூட்டமும் சிரித்துவிட்டது. வெளியூர்க்காரர்களுக்காக: பாளையங்கோட்டையில் 1785-இல் எழும்பிய அந்தக் கோவிலைக் கட்டியவர் கிளாரிந்தா, மராத்திப் பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து தன்னைக் காப்பாற்றிய ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்தார் என்று மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார், அந்த அதிகாரி இறந்த பிறகு 1778-இல் கொடுத்தார். திருநெல்வேலிச் சீமையில் சபை என்று ஒன்று வேரூன்றியதே அந்த அம்மாள் வீட்டிலிருந்துதான். இன்றைக்கு அதே அம்மாள் வந்து நின்றால் நம் கமிட்டி உறுப்பினர் கார்டு கொடுக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

வேலூர் நர்ஸ்:

என்னுடையது வேறு மாதிரி. எனக்குக் குழந்தை இல்லை. எந்த ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும், பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற வேதாகமத்து அன்னாளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள், தலையில் கை வைத்து "அடுத்த வருஷம் சாமுவேலோடு சாட்சி சொல்லுவாய்" என்பார்கள், அந்த அடுத்த வருஷம் வரும்போது நான் பின் பெஞ்சுக்குப் போய்விடுவேன். ஒரு சபையில் ஊழியர் என்னையும் வீட்டுக்காரரையும் தனியாகக் கூப்பிட்டு, மறைத்து வைத்த பாவம் ஏதாவது உண்டா என்று கேட்டார், அதுவும் என்னைப் பார்த்து மட்டும். அதற்கப்புறம் அங்கே போகவில்லை.

வார்டில் என்னோடு வேலை பார்த்த ஒரு சீனியர் சிஸ்டர், கல்யாணமே செய்துகொள்ளாதவர், ஒரு நைட் டியூட்டியில் லூக்கா 11-ஐக் காட்டினார். கூட்டத்தில் ஒரு பெண் இயேசுவிடம், உம்மைச் சுமந்த கர்ப்பம் பாக்கியமுள்ளது என்று வாழ்த்துகிறாள். அவரோ, தேவனுடைய வார்த்தையைக் கேட்டுக் கைக்கொள்ளுகிறவர்களே அதிக பாக்கியவான்கள் என்கிறார். சொந்தத் தாயைப் பற்றிய பேச்சிலேயே அப்படிச் சொல்கிறார் என்றால் கர்ப்பத்தை வைத்து என்னை அளக்க நீங்கள் யார்? சிஸ்டர் இதைச் சொல்லிவிட்டு அழக்கூட நேரம் தரவில்லை, எட்டாம் பெட்டுக்கு டிரிப் தீர்ந்துவிட்டது, போய் மாற்று என்றார். ஆண் டாக்டரைப் பார்க்க விடாததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்ததைக் கண்டு டாக்டருக்குப் படிக்கப் போன ஐடா ஸ்கடர், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களில் யாரும் அவரை மலடி என்று சொல்ல மாட்டோம்.

சாமுவேலின் நண்பன்:

எல்லாம் சரி. ஆனால் புருஷன் மனைவிக்குத் தலை என்று எபேசியர் 5-இல் இருக்கிறதே, அதை என்ன செய்வது? வம்புக்குக் கேட்கவில்லை.

கிராமத்து ஆயரம்மா:

பிரதர், 21-இலிருந்து வாசியுங்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியுங்கள் என்றுதான் பவுல் தொடங்குகிறார். அப்புறம் 25-க்கு வாருங்கள், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்தது போல அன்புகூர வேண்டும் என்று புருஷனுக்குச் சொல்கிறார். தலை என்பதைப் பிடித்துக்கொள்பவர்கள் அதன் விலையையும் சேர்த்துப் பிடிக்கட்டும்.

நான் குருத்துவ அபிஷேகம் பெற்றவள். தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே முதல் பெண் குருவை அபிஷேகம் செய்துவிட்டது, ஆனால் எங்கள் ஊர்ப் பீடத்துக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. திருவிருந்தில் நான் பாத்திரத்தோடு நிற்கும் பக்கம் வந்து முழங்கால் போடாமல், ஒரு ஐயா மட்டும் எழுந்து மறு கோடிக்கு, உதவிக்கு வந்திருக்கும் ஆண் குருவிடம் போவார். கால் வலியோடு அவ்வளவு தூரம் நடப்பார், பாவமாக இருக்கும். அவர் வீட்டம்மா என் பக்கம்தான் வருவார், வந்து கையை நீட்டும்போது ஒரு சிரிப்பு சிரிப்பார். இன்னும் அப்படித்தான் நடக்கிறது. நான் அவரைத் திருத்தப் போவதில்லை.

நாஞ்சில்காரி:

ஆயரம்மா, அந்த அம்மா சிரிப்பு எனக்கே தெரிகிறது. உள்பெட்டியில் பத்திரம் பற்றிக் கேட்ட இரண்டு பேருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயில் இல்லாமல் அப்பா இறந்து அம்மா இருந்தால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. உயில் இருந்தால் கதை வேறு, அதை முதலில் விசாரியுங்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வக்கீலிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், ஜெபம் முடிந்த கையோடு நீட்டினால் கண்டிப்பாகப் போடாதீர்கள்.