அக்கம்பக்கத்தாருக்கு நம் வீட்டு சோலாரைத் திறந்து காட்டுவது: செய்தவர்கள் சொல்லுங்கள்

தொட்டிநிழல் கேட்டது:

எங்கள் குடியிருப்புப் பகுதியில் சோலார் பேனல், சோலார் வாட்டர் ஹீட்டர், பேட்டரி என்று ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் வீடுகளும் தொழில் இடங்களுமாகப் பதினோரு இடம் தேறுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருப்பப்பட்டவர்கள் நடந்தே போய் எல்லாவற்றையும் பார்க்கலாமே என்று பேச்சை எடுத்தது நான். அதனால் வேலையும் என் தலையில்.

வருகிறவர்களுக்கு என்ன காட்டுவது? மாடிக்கு ஏற்றலாமா? அப்புறம் ஒரு வெட்கக்கேடு. என் வீட்டுப் பேனல்களில் இரண்டின் மேல் பிற்பகலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிறது. போட்டுக் கொடுத்தவரும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. என் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

நாலுவீடு எழுதியது:

எடுக்காதீர்கள். நான் பேனல் போடுவதற்கு முன் இப்படி ஒரு சுற்றில் நான்கு வீடு பார்த்தேன். மூன்று வீட்டில் எல்லாம் பிரமாதம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த மூன்றும் மறந்துபோயின. நான்காவது வீட்டுக்காரர் செத்துப்போன லெட் ஆசிட் பேட்டரி நான்கைக் காட்டி, "தினமும் அடிவரைக்கும் சார்ஜை இறக்கினேன், மூன்று வருஷத்தில் போச்சு. பாதிக்கு மேல் இறக்கக்கூடாதாம்" என்றார். நான் லித்தியம் வாங்கியது அந்த ஒரு வாக்கியத்தால்தான்.

இயற்பியல் டீச்சர் எழுதியது:

ஆறு வருஷமாக என் வீட்டைத் திறந்து விடுகிறேன். முதல் வருஷம் ஒளிமின் விளைவை சார்ட்டில் வரைந்து கூடத்தில் ஒட்டினேன். முப்பது வருஷம் வகுப்பெடுத்த கை, சும்மா இருக்காது. ஒருவர்கூட அதன் முன் நிற்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "கரண்ட் போனால் இது ஓடுமா?"

மறு வருஷம் பதில் சொல்வதை விட்டுவிட்டு, மெயினை அணைத்தே காட்டினேன். உச்சி வெயில். மேலே மாடி நிறையப் பேனல், கீழே கூடத்து ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. ஒரு பெரியவர், "அப்போ எதுக்கும்மா இது?" என்று கேட்டேவிட்டார். இன்வெர்ட்டர் என்பது பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி. பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு (தெருவில் வரும் பொது மின்லைன்) மட்டும் சேர்த்த இன்வெர்ட்டர், கிரிட் போன உடனே தானும் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால், லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பியில் கை வைக்கிற ஆளுக்கு நம் வீட்டு மின்சாரம் பாயும். இதைச் சொன்னதும் பெரியவர் சமாதானமானார். மெயினைத் திரும்பப் போட்டால் ஃபேன் உடனே சுழலும், இன்வெர்ட்டர் வராது. என்னுடையது 300 வினாடியிலிருந்து கீழ்நோக்கி எண்ணும். அந்த ஐந்து நிமிடமும் ராக்கெட் விடுவதைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் திரையைப் பார்த்து நிற்பார்கள். நல்ல கேள்வியெல்லாம் அப்போதுதான் வரும். (கணினியில் யாரும் வேலை செய்யவில்லையே என்று பார்த்துவிட்டு அணையுங்கள். என் மகன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.)

மாடிக்கு ஒருவரையும் ஏற்றாதீர்கள். விழுவது ஒரு பயம் என்றால், வெயில் இருக்கும்வரை பேனலை 'ஆஃப்' செய்ய முடியாது என்பது இன்னொன்று. வரிசையாக இணைத்த பேனல்களிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் டிசி வயரில் பல நூறு வோல்ட் நிற்கும். நான் முற்றத்திலேயே பத்து வாட் குட்டிப் பேனல் ஒன்றில் சின்ன ஃபேனை மாட்டி வைத்திருக்கிறேன். போன வருஷம் ஏழு வயதுப் பையன் ஒருவன் பேனலின் கீழ்வரிசையை உள்ளங்கையால் மூடினான். ஃபேன் நின்றது. எடுத்தான், சுற்றியது. பேனலில் மிச்சமெல்லாம் வெயிலில்தான் இருந்தது. செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை, ஒன்று அடைபட்டால் மொத்த ஓட்டமும் அடைபடும். பெரிய பேனலில், அடைபட்ட செல்களைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டையோடு இருப்பதால் இழப்பு குறையும், அவ்வளவுதான். பையனைப் பார்த்துவிட்டு அவன் அம்மா, "எங்கள் மாடியில் டிஷ் ஆன்டெனா இருக்கே" என்றார். இதற்கு மேல் எனக்கு சார்ட் எதற்கு?

ஆகவே தொட்டிநிழல் சார், உங்கள் வீட்டைக் கடைசியாக, நிழல் விழும் நேரத்துக்கு வையுங்கள். இன்வெர்ட்டர் திரையில் எண் இறங்குவதை அவர்களே படிக்கட்டும்.

பன்னிரண்டு மாத பில்லையும் வரிசையாகக் கயிற்றில் தொங்கவிடுங்கள், பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்துவிட்டு. மேகமூட்டமான மாதம் எவ்வளவு குறைந்தது என்று தெரிய வேண்டும். கடும் வெயில் மாதமும் நினைத்த அளவு தராது, பேனல் சூடேறினால் திறன் இறங்கும். இன்வெர்ட்டரில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மேல் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். எல்லாரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள். வீட்டு முகவரியைப் பொதுவில் போடாமல், பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும் முந்தின நாள் அனுப்புங்கள்.

பேனல் விற்கிறவர்களும் வருவார்கள். வரட்டும், ஆனால் கார்டு கொடுக்கக்கூடாது. இரண்டாம் வருஷம் ஒருவர் என் கூடத்திலேயே உட்கார்ந்து ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தொட்டிநிழல் எழுதியது:

டீச்சர், மெயினை அணைப்பது என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தொழில் இடங்களை எப்படிச் சேர்ப்பது? ஞாயிறு எல்லாம் மூடியிருக்குமே.

சலவைக்காரன் எழுதியது:

நான் சலவை நிலையம் வைத்திருக்கிறேன். ஒருமுறை விடுமுறை நாளில் காட்டினேன். நின்றுகொண்டிருக்கும் இயந்திரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? ஐந்து நிமிடத்தில் போய்விட்டார்கள். அடுத்த முறை வேலைநாளில் எட்டெட்டுப் பேராக வரச் சொன்னேன். ஓடுகிற இயந்திரங்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன்.

எங்களிடம் அதிகம் உழைப்பது பேனல் இல்லை, வெந்நீர்தான். குழாய் வகை சோலார் ஹீட்டர் தண்ணீரைச் சூடாக்கித் தருவதால் பாய்லருக்குப் பாதி வேலை மிச்சம். அதோடு, அதிகத் துணி துவைக்கும் வேலையையெல்லாம் காலையிலிருந்து, பேனல் நன்றாகத் தரும் நண்பகலுக்கு மாற்றினோம். ஆட்களின் சாப்பாட்டு நேரத்தையும் மாற்ற வேண்டி வந்தது, அதற்கு ஒரு மாதம் முணுமுணுப்பு. வந்தவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை, என் ஆட்களிடம் தனியாகக் கேட்டார்கள். அதுவும் நல்லதுதான்.

மோட்டார் வைத்திருப்பவர்கள் வந்தால் இதையும் சொல்லுங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் பேட்டரி இன்வெர்ட்டர் வாங்கி, முதல் நாளே டிரிப் ஆகி நின்றவன் நான்.

நாலுவீடு எழுதியது:

ஆஸ்திரேலியாவில் 2001-லிருந்து இதற்கென்றே ஒரு நாள் வைத்து வீடுகளைத் திறக்கிறார்கள். அமெரிக்காவில் அக்டோபரில் நாடு முழுக்க சோலார் டூர் நடக்கும். கலிஃபோர்னியாவில் ஒரு வீடு பேனல் போட்டால் அந்த வட்டாரத்தில் மற்றவர்களும் போட வாய்ப்பு கூடுகிறது என்று 2012-ல் ஆய்வே வந்தது. பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். நீங்கள் நாலு மணிக்குத் தொட்டியைக் காட்டுங்கள்.

தொட்டிநிழல் எழுதியது:

இன்று போய்ப் பார்த்தேன். நிழல் மூன்று இருபதுக்கே வந்துவிடுகிறது. அட்டவணையைத் திருத்திவிட்டேன்.