முக்கோணவியல் கணக்கில் செக் (sec) வந்தால் வீச்சகம் ஏன் தலைகீழாகிறது?

கேள்வி:
வெறும் சைன், காஸ், டேன் என்றால் சார்பகம் (எக்ஸுக்குப் போடக்கூடிய எண்கள்), வீச்சகம் (விடையாக வரக்கூடிய எண்கள்) இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். உள்ளே ஓர் எண்ணால் பெருக்கி, வெளியே ஒன்றைக் கூட்டி, முன்னால் கழித்தல் குறியையும் போட்டுவிட்டால் தடுமாறுகிறேன். நேற்று மூன்று கணக்கு போட்டேன், மூன்றுமே தவறு.

முதலாவது, 3 − 2 காஸ்(4எக்ஸ் + பை/3). இதன் வீச்சகம் கேட்டார்கள். காஸுக்கு −1 போட்டால் 5, 1 போட்டால் 1, அதனால் [5, 1] என்று எழுதினேன். அடுத்தது 2 டேன்(3எக்ஸ் − பை/4) + 1, இதற்குச் சார்பகம். பை/4, அதனுடன் பையின் முழு எண் மடங்குகளைக் கூட்டினால் வருபவை, இவற்றை மட்டும் விலக்கினால் போதும் என்று எழுதினேன். கடைசியாக 1 − 3 செக்(2எக்ஸ்) என்பதன் வீச்சகம். செக்குக்கும் 1, −1தானே எல்லை என்று [−2, 4] எழுதினேன். விடையில் இருப்பது இதற்கு நேர் எதிர். எங்கே பிசகுகிறேன்?

மறுமொழி 1:
முதல் கணக்கில் நீங்கள் கண்டுபிடித்த எண்கள் சரி, வரிசைதான் தவறு. இடைவெளியில் சின்ன எண் முதலில் வர வேண்டும், ஆகவே [1, 5]. சமனின்மையை எதிர்மறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பிக்கொள்ளும், −2 செய்தது அதைத்தான். உள்ளே இருக்கும் 4எக்ஸ் + பை/3 இந்த வீச்சகத்தைத் தொடவே இல்லை என்பதையும் கவனியுங்கள். எக்ஸ் எல்லா மெய்யெண்களிலும் ஓடும்போது 4எக்ஸ் + பை/3 என்பதும் எல்லா மெய்யெண்களிலும் ஓடும், அப்படியானால் காஸ் −1 முதல் 1 வரை ஒன்றையும் விடாமல் எடுத்துவிடும். வரைபடம் பக்கவாட்டில் நெருங்குகிறது, கொஞ்சம் நகர்கிறது, உயரம் அப்படியே இருக்கிறது.

டேனில் உங்கள் பிழை ரொம்பப் பேர் செய்வது. டேன் அறுந்துபோவது அடைப்புக்குள் இருக்கும் முழுக் கோவையும் பை/2 + பையின் முழு எண் மடங்கு ஆகும்போது. 3எக்ஸ் − பை/4 அதற்குச் சமம் என்று எழுதி, பை/4-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் 3எக்ஸ் = 3பை/4 + பையின் மடங்கு. இப்போது 3 ஆல் வகுக்கும்போது மடங்கையும் சேர்த்து வகுக்க வேண்டும். நீங்கள் முதல் உறுப்பை மட்டும் வகுத்துவிட்டு மடங்கை அப்படியே விட்டுவிட்டீர்கள். விலக்க வேண்டியது பை/4 + பை/3-இன் முழு எண் மடங்குகள். சந்தேகமாக இருந்தால் 7பை/12 போட்டுப் பாருங்கள். உள்ளே 3பை/2 வரும், அங்கே டேன் கிடையாது, உங்கள் பட்டியலிலோ அந்த எண்ணே இல்லை. வீச்சகம் எல்லா மெய்யெண்களும்தான், 2-ஆல் பெருக்கினாலும் 1 கூட்டினாலும் அது மாறாது.

மறுமொழி 2:
செக் பற்றி நான் சொல்கிறேன். காஸ் −1-க்கும் 1-க்கும் நடுவே அடைபட்டிருக்கிறது, செக் அதன் தலைகீழி (1/காஸ்), அதனால் அது அந்த நடுப்பகுதிக்குள் நுழையவே முடியாது. ஒன்று 1-உம் அதற்கு மேலும், இல்லையென்றால் −1-உம் அதற்குக் கீழும். 1, −1 என்பவை காஸுக்கு வேலி, உள்ளே இருக்கிறது. செக்குக்கும் அதே வேலிதான், ஆனால் அது வெளியே இருக்கிறது. −3 ஆல் பெருக்கி 1 கூட்டினால் −2-உம் அதற்குக் கீழும், 4-உம் அதற்கு மேலும் வரும். நீங்கள் எழுதிய [−2, 4]-இல் இரண்டு முனைகளும் உண்மையில் கிடைக்கும் மதிப்புகள், நடுவில் இருப்பவைதான் கிடைக்காது. 0 கிடைக்குமா என்று பாருங்கள்: செக் 1/3 ஆக வேண்டும், அதாவது காஸ் 3 ஆக வேண்டும், நடக்காது. சைனின் தலைகீழியான கோசெக்குக்கும் இதே கதை.

மறுமொழி 3:
மேலே இருவரும் சொன்னது சரி, ஆனால் இரண்டு இடத்தில் கண்மூடித்தனமாக −1, 1 போடக் கூடாது. எக்ஸுக்கு எல்லை கொடுத்திருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். சைன் எக்ஸ், 0 முதல் 3பை/4 வரை மட்டும் என்றால், முனைகளை மட்டும் போட்டு 0 முதல் 1/√2 வரை என்று எழுதுபவர்கள் நிறைய. நடுவில் பை/2 இருக்கிறது, அங்கே 1-ஐத் தொட்டுவிட்டு இறங்குகிறது, ஆகவே [0, 1].

இன்னொன்று, 3 சைன் எக்ஸ் + 4 காஸ் எக்ஸ். இதற்கு −7 முதல் 7 வரை என்று எழுதினால் தவறு, ஏனென்றால் சைன் 1 ஆகும் இடத்தில் காஸ் 0, இரண்டும் ஒரே நேரத்தில் உச்சிக்குப் போவதில்லை. 3, 4 இவற்றின் வர்க்கங்களான 9-ஐயும் 16-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5. விடை [−5, 5].

கேள்வி கேட்டவர்:
செக் இப்போது புரிந்துவிட்டது, அந்த 0 சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே மாதிரி 1/(2 − 3 சைன் எக்ஸ்) போட்டுப் பார்த்தேன். பகுதி, அதாவது கீழே இருக்கும் 2 − 3 சைன் எக்ஸ், −1 முதல் 5 வரை போகிறது, தலைகீழாக்கினால் −1 முதல் 1/5 வரை. சரியா?

மறுமொழி 1:
பகுதி சரி, அடுத்த படி இல்லை. −1-இலிருந்து 5-க்குப் போகும் வழியில் 0 இருக்கிறது, சைன் எக்ஸ் 2/3 ஆகும் இடமெல்லாம் சார்பகத்திலிருந்தே போய்விடும். அதனால் இரண்டாக உடையுங்கள். பகுதி −1-இலிருந்து 0-வை நெருங்கும்போது தலைகீழி −1-இலிருந்து கீழே எல்லையில்லாமல் இறங்கும். 0-வைத் தாண்டி 5 வரை போகும்போது மேலே எங்கிருந்தோ இறங்கி 1/5-இல் நிற்கும். ஆக −1-உம் அதற்குக் கீழும், 1/5-உம் அதற்கு மேலும். உங்கள் 0 சோதனையை இங்கேயும் போடுங்கள், 1-ஐ எதனால் வகுத்தாலும் 0 வராது.