பேட்டரி ஓராண்டுகூடத் தாங்குவதில்லை, அவசர உதவி வேண்டும்

நடைபாதை (திங்கள், காலை 7:40)
கார் சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. இது இரண்டாவது முறை. முன்பு மாற்றிய பேட்டரி 14 மாதத்தில் போனது. இப்போது இருப்பது 11 மாதத்திலேயே கைவிட்டுவிட்டது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்கிறார் மெக்கானிக். பேட்டரி விற்றவரோ வண்டியில்தான் கோளாறு என்கிறார். எந்தப் பேட்டரி வாங்கினால் நீண்ட நாள் உழைக்கும்? வேலைக்குக் கிளம்ப வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.

தூறல் (7:58)
பெட்ரோல் வண்டியா, டீசலா? வாங்கி எத்தனை ஆண்டாகிறது? பேட்டரியின் கொள்ளளவு எத்தனை ஆம்பியர்-ஹவர்? சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அணைந்து மீண்டும் தானாகக் கிளம்பும் வசதி இருக்கிறதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் குறிபார்க்காமல் கல் எறிவதுதான்.

ஓடுபாதை (8:15)
தானாக அணைந்து கிளம்பும் வண்டியாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். அதற்கு, அடிக்கடி கிளப்புவதைத் தாங்கும் ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகைப் பேட்டரிதான் போட வேண்டும். நான் விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரியைப் போட்டுவிட்டு ஒன்றரை ஆண்டில் மாற்றினேன். அளவும் டெர்மினலும் பொருந்திவிட்டால் போதும் என்று கடைக்காரர்களும் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய_ஸ்பேனர் (8:31)
தம்பி, இந்தக் கேள்விக்கு நானே எத்தனையோ முறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். பேட்டரியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் எல்லோரும் பக்கத்துத் தெருவுக்குக் காரில் போகிறவர்கள். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் பேட்டரி இறங்குகிறது; அது ஏறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறீர்கள். வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

ஆல்டர்னேட்டரில் சந்தேகம் என்றால் மீட்டரெல்லாம் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்றுபோனால் ஆல்டர்னேட்டர் போய்விட்டது; ஓடிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

மின்கண் (8:44)
நடைபாதை, தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். இப்போது வரும் எந்த வண்டியிலும் எஞ்சின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றக் கூடாது. ஆல்டர்னேட்டர் அனுப்பும் மின்னோட்டத்தை வாங்கித் தணிப்பது பேட்டரிதான். அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் மின்னழுத்தம் நொடிப்பொழுதில் நாற்பது வோல்ட்டையும் தாண்டிப் பாயலாம். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகளுக்கும் அது ஆகாது.

வேம்பு (9:20)
எல்லோரும் வெயிலை மறந்துவிட்டீர்கள். குளிரில் பேட்டரி சோம்பிப் போவதால் பழி முழுவதும் குளிர்மீது விழுகிறது. உண்மையில் ஆயுளைத் தின்பது வெப்பம். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் கைக்கணக்கு. வண்டியை வெயிலில் நிறுத்துகிறீர்களா? மூடி திறக்கும் வகை என்றால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தட்டுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, ஆசிட்டும் ஊற்றக் கூடாது. குறிவரை நிரப்புவது முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகுதான். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வெளியே வழியும்.

பழைய_ஸ்பேனர் (9:41)
மின்கண், நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே நான் டெர்மினலைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வண்டியும் கெடவில்லை. புத்தகம் படித்துவிட்டு வேலை தெரிந்தவர்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

மின்கண் (10:02)
ஐயா, உங்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. கார்பரேட்டரும் பாயின்ட் செட்டும் இருந்த காலத்தில் வண்டியில் கெடுவதற்குக் கணினியே கிடையாது. அப்போது அந்த முறை செல்லுபடியானது. இன்று பலருடைய வண்டியில் கதவுப் பூட்டுக்குக்கூட ஒரு கணினி இருக்கிறது.

செல்ஃப் அடிப்பதால் பேட்டரி தேய்கிறது என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் எடுத்து 2 நொடியில் வண்டி கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.11 ஆம்பியர்-ஹவர். ஆல்டர்னேட்டர் 10 ஆம்பியர் கொடுத்தாலே அது ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடும். குறுகிய ஓட்டம் கெடுதல்தான், ஆனால் வேறொரு காரணத்தால். ஏற்கெனவே பாதி இறங்கிய பேட்டரி முழுதாக ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். அந்த நேரம் அதற்குக் கிடைப்பதே இல்லை. அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, பேட்டரியைப் பாதியாக இறக்கியது எது என்பதுதான்.

தூறல் (10:10)
கேள்வி கேட்டவரைக் காணவில்லை. நீங்கள் இருவரும் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாமே.

நடைபாதை (இரவு 8:25)
மன்னிக்கவும், பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிக்கொண்டு ஓடினேன். பெட்ரோல். 7 ஆண்டு. 45 ஆம்பியர்-ஹவர். தானாக அணையும் வசதி கிடையாது. போக 12 கிலோமீட்டர், வர 12 கிலோமீட்டர். வெயிலில் நிற்பதில்லை. கூடுதலாக எதுவும் மாட்டவில்லை. நண்பரிடம் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட், அணைத்தவுடன் 12.8. அப்படியானால் பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?

மின்கண் (8:40)
அணைத்தவுடன் பார்க்கும் அளவை நம்ப வேண்டாம். அது மேலோட்டமாக நிற்கும் சார்ஜ். எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி.

ஓடுபாதை (8:52)
கேமரா இருக்கிறதா? கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமராவை யாரும் 'கூடுதலாக மாட்டியது' என்று நினைப்பதில்லை. என் தம்பி வண்டியில் அதுதான் இரவெல்லாம் விழித்திருந்து பேட்டரியைக் குடித்தது.

நடைபாதை (9:05)
கேமரா இருக்கிறது. ஆனால் சாவியை எடுத்தவுடன் அணைந்துவிடும்.

கறுப்புக்கோடு (9:30)
யாரும் கேட்காத இரண்டு கேள்விகள். வண்டியோடு வந்த முதல் பேட்டரி எத்தனை ஆண்டு உழைத்தது? நீங்கள் பதிவிட்டது திங்கட்கிழமை காலை. சனி, ஞாயிறு வண்டியை எடுப்பீர்களா?

நடைபாதை (9:38)
முதல் பேட்டரி 5 ஆண்டு உழைத்தது. ஒரு தொந்தரவும் இல்லை. சனி, ஞாயிறு வண்டி நின்றேதான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் போன முறையும் திங்கட்கிழமைதான் கிளம்பவில்லை. இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

கறுப்புக்கோடு (9:51)
நிறைய இருக்கிறது. அதே வண்டி, அதே சாலை, அதே ஓட்டுநர். ஒன்று 5 ஆண்டு உழைத்திருக்கிறது, அடுத்தவை ஓராண்டில் போயின. எனவே பேட்டரியின் தரத்தையோ உங்கள் ஓட்டத்தையோ குறை சொல்வதற்கில்லை. முதல் பேட்டரி போன சமயத்தில் வண்டியில் ஏதோ மாறியிருக்கிறது. நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசிகிறது. வாரநாளில் ஓட்டம் அதை ஈடுகட்டுகிறது, இரண்டு நாள் நின்றால் முடியவில்லை. பாதி இறங்கிய நிலையிலேயே கிடக்கும் பேட்டரியில் காரீய சல்பேட் தட்டுகளில் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இன்று புதிதாக வாங்கினாலும் அதே கதிதான்.

மின்கண் (10:15)
கசிவை அளக்கும் முறை. மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். பானட்டையும் ஒரு கதவையும் திறந்து வைத்து, அவற்றின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியிருப்பதாக வண்டியை நம்ப வையுங்கள். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். முதலில் பெரிய எண் வரும், பயப்படாதீர்கள். வண்டியின் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்க வேண்டும். 40 நிமிடம் தொடாமல் காத்திருங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். கடைசியில் 0.05 ஆம்பியருக்குக் கீழே நின்றால் நல்லது. அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துப் பாருங்கள். எதை எடுக்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

பழைய_ஸ்பேனர் (10:33)
இவ்வளவு கூத்து எதற்கு? டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருக்கும். வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுத் துலக்கினால் சரியாகிவிடும். எர்த் ஒயர் தளர்ந்திருந்தாலும் இதே 'டக் டக்' தான்.

தூறல் (10:41)
அதையும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் எர்த் தளர்ந்திருந்தால் வண்டி கிளம்பாது, பேட்டரி ஓராண்டில் சாகுமா?

பழைய_ஸ்பேனர் (10:47)
சரியாகச் சார்ஜ் ஏறாது, சாகும். ஓடும்போது டெர்மினலைக் கழற்றிப் பார்த்திருந்தால் காலையிலேயே விடை தெரிந்திருக்கும்.

மின்கண் (10:55)
ஐயா, 14.2 வருகிறது என்று அவரே அளந்து சொல்லிவிட்டார். சார்ஜ் ஏறுகிறது. கழற்றிப் பார்த்தாலும் அதே விடைதான் வரும், கூடவே ஒரு ஆபத்தும் வரும்.

நடைபாதை (சனி, மாலை 4:10)
அளந்தேன். 45 நிமிடம் கழித்தும் 0.38-இல் நிற்கிறது. எல்லா ஃபியூஸையும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், எண் அசையவே இல்லை. டெர்மினலும் எர்த்தும் சுத்தமாக இறுக்கமாக இருக்கின்றன. மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா?

கறுப்புக்கோடு (4:32)
மீட்டர் சரிதான். வெள்ளி மாலை நிறுத்தித் திங்கள் காலை எடுப்பது 60 மணி நேரம். 0.38 வீதம் 22.8 ஆம்பியர்-ஹவர். உங்கள் 45-இல் பாதி வாரம்தோறும் காலியாகிறது. உங்கள் திங்கட்கிழமைகளுக்கு இதுதான் கணக்கு.

ஃபியூஸ் பெட்டியில் இல்லை என்றால் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் தடித்த ஒயர்கள்தான் மிச்சம். ஒன்று செல்ஃப் மோட்டாருக்கு, மற்றொன்று ஆல்டர்னேட்டருக்கு. ஆல்டர்னேட்டரில் உள்ள டையோடு ஒருவழிக் கதவு போன்றது; மின்சாரம் பேட்டரிக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. அது பழுதானால் வண்டி நிற்கும்போது மின்சாரம் பின்வாசல் வழியே ஒழுகும். ஓடும்போது 14.2 காட்டுவதை இது தடுக்காது. உங்கள் மெக்கானிக் அந்த எண்ணை மட்டும் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

நாளைக் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் இரும்பையும் தொடுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரை எடுத்து, அதன் நுனி எதிலும் படாமல் துணி சுற்றி வைத்து, மீண்டும் அளந்து பாருங்கள்.

வேம்பு (5:05)
தொட்டுப் பார்த்தே தெரியுமா?

கறுப்புக்கோடு (5:12)
நான்கு வாட் அளவுக்குச் சூடு இரவெல்லாம் ஒரே இடத்தில் இறங்குகிறது. பெரும்பாலும் தெரியும்.

நடைபாதை (ஞாயிறு, காலை 6:50)
தெரிந்தது! எஞ்சின் முழுவதும் சில்லென்று இருக்கிறது, பக்கத்துக் குழாயில் பனித்துளிகூட நிற்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் மட்டும் இப்போதுதான் யாரோ கையை வைத்துவிட்டு எடுத்ததைப் போல வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒயரைக் கழற்றியதும் 0.38-லிருந்து 0.02-க்கு விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் முதல் பேட்டரி போனபோது, மெக்கானிக் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் டெர்மினலைக் கழற்றி 'ஆல்டர்னேட்டர் பிரமாதம்' என்று காட்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேலே நடந்த விவாதத்தைப் படித்தபோதுதான் நினைவுக்கு வந்தது.

பழைய_ஸ்பேனர் (7:30)
அதனால்தான் போனது என்று எப்படிச் சொல்ல முடியும்? 5 ஆண்டு ஓடிய டையோடு தானாகவும் போகும்.

மின்கண் (7:44)
உண்மை, நிரூபிக்க முடியாது. தானாகவும் போயிருக்கலாம். இருந்தாலும் அந்த நாளுக்கு முன் ஒரு பேட்டரி 5 ஆண்டு உழைத்தது, அதற்குப் பின் இரண்டு பேட்டரிகள் போயின. என் வண்டியில் யார் அப்படிக் கைவைத்தாலும் தடுப்பேன்.

நடைபாதை, கோளாறைச் சரிசெய்த பிறகு பேட்டரியை உடனே தூக்கிப் போட வேண்டாம். சார்ஜரில் 4 ஆம்பியரில் இரவு முழுக்கப் போடுங்கள், காற்றோட்டமான இடத்தில். பிறகு டெர்மினலில் எதையும் மாட்டாமல் ஒரு நாள் வைத்து அளந்து பாருங்கள். 12.5-க்கு மேல் நின்றால் கடையில் லோடு டெஸ்ட் (அதிக மின்னோட்டத்தை இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்துவிட்டுத் தொடரலாம்.

நடைபாதை (அடுத்த வியாழன், இரவு 9:15)
ஆல்டர்னேட்டர் வேலை முடிந்தது. கசிவு 0.02. பேட்டரி ஒரு நாள் கழித்து 12.1-தான் காட்டியது, புதியது போட்டுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி, கறுப்புக்கோடு அவர்களுக்குத் தனியாக.

வேம்பு (9:40)
டையோடு தட்டை மட்டும் மாற்றினீர்களா, முழு ஆல்டர்னேட்டரையுமா? எனக்கும் திங்கட்கிழமைகளில் இதே தொந்தரவு.

வேம்பு (ஞாயிறு, காலை 6:20)
நடைபாதை, இருக்கிறீர்களா? இன்று என்னுடையதையும் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருக்கிறது.

கறுப்புக்கோடு (6:58)
அப்படியானால் 40 நிமிடம் காத்திருந்து முதலிலிருந்து அளந்து பாருங்கள். எண்ணோடு வாருங்கள்.