நெலமங்கலத்திலிருந்து ஆனேக்கல் தோட்டம் வரை: பழைய ஹிட்டாச்சி வந்து சேர்ந்த கதை

பெங்களூரில் வேலை, ஆனேக்கல், கனகபுரா, மாகடி பக்கம் கொஞ்சம் நிலம் என்று இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது பழைய 20 டன் ஹிட்டாச்சி, அதாவது இரும்புச் செயினில் ஓடும் மண் வெட்டும் வண்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நாங்கள் வாங்கினோம். ஆனேக்கல் தாண்டி இருக்கும் எங்கள் தோட்டத்தில் குட்டை வெட்ட, வரப்பு கட்ட, மேட்டைச் சமப்படுத்த என்று வருஷக்கணக்கில் வேலை கிடந்தது, அடியில் பாறை வேறு, ஜேசிபி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் ஹிட்டாச்சியை வாடகைக்குக் கூப்பிட்டால் மணிக்கூலி தனி, ஏற்றி இறக்கும் டிரெய்லர் கூலி தனி. அதனால் வாங்கியது நல்ல முடிவுதான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் விலையையே கேட்கிறார்கள். வண்டி நிலத்துக்குள் எப்படி வந்து சேரும் என்பதை முடிவு செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் காகிதம். டயர் வைத்த ஜேசிபிக்கு ஆர்டிஓ பதிவு உண்டு, இரும்புச் செயினில் ஓடும் வண்டிக்கு அது கிடையாது. ஆகவே ஆர்.சி. என்று ஒன்றை யாரும் காட்ட முடியாது, முதல் இன்வாய்ஸிலிருந்து கை மாறிய ஒவ்வொரு பில்லும்தான் உரிமைக்குச் சாட்சி. நெலமங்கலம் பக்கத்து யார்டில் நாங்கள் பார்த்த முதல் வண்டிக்கு கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் என்ஓசி இல்லை. "அது வந்துரும் சார், நீங்க வண்டிய எடுங்க" என்றார் புரோக்கர். வேண்டாம் என்று வந்துவிட்டோம். அடுத்துப் பார்த்ததில் பில் வரிசையாக இருந்தது, ஃபிரேமில் பொறித்த சீரியல் நம்பரும் பில்லில் இருந்த நம்பரும் பொருந்தின. வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரை நான் நம்புவதில்லை. செயினை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கூர்ந்து போயிருக்கிறதா, செயினுக்குள் உருளும் ரோலரில் எண்ணெய் கசிகிறதா, வண்டியின் கையான பூமில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தால் வண்டியே தன் வயதைச் சொல்லிவிடும். செயின், ரோலர் செலவு மிகப் பெரிய செலவு, அதை மட்டும் அவசரத்தில் பார்க்காமல் விடாதீர்கள்.

அப்புறம் லோபெட், அதாவது வண்டியை ஏற்றிப் போகும் தாழ்வான தட்டு வைத்த டிரெய்லர். மோட்டார் வாகன விதிப்படி சாலையில் போகும் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 20 டன் வண்டிகள் 2.8 மீட்டர் முதல் 3 மீட்டர் வரை அகலம், அதாவது டிரெய்லரில் ஏற்றியதுமே அது ஓடிசி எனப்படும் அளவு மீறிய லோடு, அனுமதி இல்லாமல் கிளம்பக்கூடாது. உயரமும் பாருங்கள். மடக்கி வைத்த வண்டி சுமார் 3 மீட்டர், டிரெய்லர் தட்டு கிட்டத்தட்ட ஒரு மீட்டர், சேர்த்தால் 4 மீட்டர் ஆகிவிடுகிறது. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி காகிதமான இ-வே பில்லில் ஓடிசி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி, ஓடிசிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள், அதாவது அதே தூரத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கும். வழியில் எங்காவது நிற்க நேர்ந்தால் இந்த வித்தியாசம் பெரிய நிம்மதி.

ஏற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆபரேட்டர் தர்மபுரிக்காரர், வயது முப்பதுக்குள்தான் இருக்கும், ஆனால் வேலையில் அவ்வளவு நிதானம். சாய்தளத்தில் முந்தின இரவு மழை ஈரம். இரும்பு மேல் இரும்புச் செயின் வழுக்கும் என்று சாக்கை விரித்து, மேலே மரப்பலகை போட்ட பிறகுதான் வண்டியில் ஏறினார். ஸ்ப்ராக்கெட் பின்பக்கம் இருக்கும்படி நேர் பிடித்து, மெதுவான வேகத்தில், சாய்தளத்தில் ஒருமுறைகூடத் திருப்பாமல் ஏற்றினார். "பாதி வழியில திருப்பினா போச்சு அண்ணா, கோணலா இருந்தா இறக்கி மறுபடி ஏத்தணும்" என்றார். மேலே போனதும் பக்கெட்டை மடித்து, பூமை மரக்கட்டை மேல் இறக்கி, மேல்பாகம் சுற்றாமல் ஸ்விங் லாக் போட்டு, நான்கு மூலையிலும் சங்கிலி கட்டினார்கள். டிரைவர் ஒவ்வொரு சங்கிலியையும் காலால் மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

ஊருக்குள் கனரக வண்டிகளுக்குத் தடை நேரங்கள் இருப்பதால் இரவில் கிளம்பி நைஸ் ரோட்டைப் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டி வந்து சந்தாபுரா வழியாகப் போனோம். இந்தத் தூரத்தில் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசி ஒன்றரை கிலோமீட்டர்தான் விஷயமே. குறுக்கு வழியில் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை உண்டு, உயரத் தடுப்புக் கம்பி போட்டது, அதில் லோபெட் நுழையாது என்று முன்பே டேப் வைத்து அளந்திருந்ததால் சுற்றி வந்தோம். கிராமத்து முனையில் விடியும் நேரம் வண்டியை இறக்கினோம். ஊர் ரோட்டுக்குப் புதுத் தார் போட்டிருந்தார்கள். செயின் அதன் மேல் ஏறினால் பட்டை பட்டையாகப் பெயர்த்துவிடும், அது ஊர்ச் சொத்து. பஞ்சர் கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய லாரி டயர்களை வரிசையாகப் போட்டு, வண்டி கடந்ததும் பின்னால் இருப்பதை எடுத்து முன்னால் போட்டு, அப்படியே நகர்த்தினோம். தெருக்குழாய்க்குப் போகும் பிளாஸ்டிக் பைப் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே மேலாகவே கிடந்தது. ஒரு பாட்டி வந்து அதன் மேலேயே நின்றுகொண்டு "நிதானா, நிதானா" என்று கை காட்டினார். இரண்டு பக்கமும் மண் மூட்டை அடுக்கி மேலே பலகை போட்ட பிறகுதான் அவர் விலகினார். அவர் சொன்னது முழுக்க நியாயம், அந்தத் தெருவுக்கே தண்ணீர் அதில்தான் வருகிறது.

அதைத் தாண்டிக் கல் பலகை போட்ட சின்னப் பாலம். செயின் வண்டி எடையைப் பரப்பி வைப்பதால் சேற்று நிலத்தில்கூடப் போகும், ஆனால் பாலத்துக்கு மொத்த 20 டன்னும் கணக்கு. ஆபரேட்டர் கீழே குனிந்து பலகையின் அடியைப் பார்த்தார், ஒரு கல்லில் மயிரிழை விரிசல். பாலத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் வறண்டு கிடந்த ஓடைக்குள் பக்கெட்டை ஊன்றி ஊன்றி இறங்கி, அதே பக்கெட்டால் எதிர்க்கரையைச் சரித்துக்கொண்டு மேலே ஏறினார். கரையை அன்றைக்கே மண் போட்டு இறுக்கிவிட்டுத்தான் தோட்டத்துக்குள் போனோம். மேலே போகும் கரண்ட் கம்பிகளுக்கு மட்டும் ஒரு ஆளைத் தனியாக முன்னால் நடக்க வைத்தோம், வேறு எந்த வேலையும் அவருக்குக் கொடுக்கவில்லை.

எனவே லோபெட் எந்த இடம் வரை வரும், மீதி தூரம் எவ்வளவு என்று நிலத்திலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள். செயினில் ரொம்ப தூரம் நடத்தினால் ரோலரும், ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் ஃபைனல் டிரைவும் சூடாகித் தேயும், மணிக்கு 4, 5 கிலோமீட்டர் போகும் வண்டி அது. வேலை முடிந்து விற்கும்போதும் இதே வழியில்தான் வெளியே போக வேண்டும் என்பதால் தோட்டத்து கேட் தூண்களைத் தள்ளி நட்டிருக்கிறோம், டயர்களையும் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறோம். ஆனேக்கல் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். கனகபுரா பக்கத்து மலைச்சரிவில் இறக்கியவர்கள் இருந்தால் ஏற்றத்தில் லோபெட்டை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள், என் தங்கை வீட்டுக்காரர் அங்கேதான் இடம் வாங்கியிருக்கிறார்.