தென்மலைப் பக்கம் போறோம், கேமரா பஞ்சாயத்துக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. தென்காசியிலேர்ந்து நானும் எங்க வீட்டுக்காரரும் கார்ல செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியா புனலூர் வரைக்கும் போறோம். அவருக்குப் படம் எடுக்குற கிறுக்கு. போன தடவை கழுதுருட்டி பதிமூணு கண் பாலத்துல ரயில் வரும்னு ட்ரைபாடைப் போட்டு நின்னவர் நின்னவர்தான். வாங்கி வச்ச பழம்பொரி ஆறி, எண்ணெய் பேப்பர்ல இறங்கிப்போச்சு. போதாததுக்கு, ஏசி கார்லேர்ந்து இறங்கினா லென்ஸ்ல ஆவி வேற படியுது. அது தெளியுற வரைக்கும் யாரும் பேசப்படாது!

கேமராவே வேண்டாம்னு சொல்லல. 1904ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாதை, 1877ல கட்டி முடிச்ச புனலூர் தூக்குப்பாலம், எடுக்காம எப்படி வர்றது? பாலருவியில மட்டுமாவது அது கார்லயே கிடக்கட்டும்ங்கேன். அருவியத்தான் முக்கியமா எடுக்கணும்ங்காரு.

ஜோடியா போறவங்க எப்படிச் சமாளிக்கீங்க? இடத்தைப் பிரிச்சுக்கிடுவீங்களா, நேரத்தையா? இறங்குறதுக்கு முன்னாடியே ஏசியை அணைச்சு ஜன்னலைத் திறந்துட்டா ஆவி படியாதா? ரெண்டு பாலத்துக்கும் காலை வெளிச்சம் நல்லதா, சாயங்காலமா? காலைன்னா நான் இட்லி கட்டணும். சனிக்கிழமை கிளம்புறோம், அதுக்குள்ள சொல்லுங்க.